ஐஸ் கொட்டகையில் மஞ்சள் துணி

புரட்டாசி 8, செவ்வாய்

புழுக்கம். கடலில் காற்றே இல்லை. விடியும் முன்பே இஞ்சினைக் கிளப்பியாயிற்று, ஒரே சுற்றில். என் கைக்கு மட்டும்தான் அடங்கும். சென்னையிலிருந்து பார்க்க வந்த துரையே என் எதிரில் தொப்பியைக் கழற்றினார். (வியர்வைக்காகவும் இருக்கலாம்.)

ஜெகதாப்பட்டினத்தில் மீனுக்கு ஐஸ் என்றால் எங்கள் கொட்டகை. கொட்டகை என்றால் நான். எல்லாருக்கும் நான் மேஸ்திரி மாமா. குழாயில், ஐஸை உறையவைக்கிற அம்மோனியா கசிந்தால் மாமாவின் மூக்கு முதலில் பிடித்துவிடும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. பேச்சை ஆரம்பித்து வைத்தது நான்.

அந்த மூக்கு ஆடியிலேயே செத்துவிட்டது. வால்வு மூடி பிய்த்துக்கொண்டு அம்மோனியா முகத்தில் அடித்ததே, அன்றோடு சரி. தெரிந்த ஒரே ஆள் என் பெண்டாட்டி செல்லாயி. ஒரு நாள் அடுப்பில் கருவாடு கருகிப் புகைகிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறேன்.

"மூக்கு என்ன, ஊருக்குப் போயிருச்சா?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

"மோப்பம் இல்லாத ஆளு அந்தக் கொட்டகையில கெடக்குறதா? ஒரு நா எந்திரிக்கவே மாட்டீங்க. வேலைய விடுங்க. இல்லைன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

விடவில்லை. மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு நான் யார்? கொடும்பாளூர் போய்விட்டாள்.

வீட்டுக் கொடியில் அவள் சேலை ஒன்று கிடக்கிறது. முகத்தில் வைத்துப் பார்த்தேன். தண்ணீரை முகர்ந்த மாதிரி. அவள் சீயக்காய் தேய்த்துக் குளித்த தலை எப்படி மணக்கும் என்று நினைவில் தேடினால் அதுவும் இல்லை. அவள் போனதிலிருந்து கொட்டகையிலேயே கட்டில் போட்டுப் படுக்கை. இஞ்சின் சத்தமாவது துணைக்கு.

9, புதன்

மேகம். மழை இல்லை.

அம்மோனியா பட்டால் நிறம் மாறும் காகிதம் உண்டாம், துரை சொல்லிவிட்டுப் போனார். முதலாளி மரைக்காயரிடம் மறுபடி கேட்டேன்.

"சண்டை நேரம் மேஸ்திரி. காய்ச்சலுக்கு மருந்தே கப்பல்ல வரல, காகிதமா வரும்? அதான் ஒங்க மூக்கு இருக்கே."

"இருக்கு, இருக்கு" என்றேன்.

குளிக்கும்போது யோசனை வந்தது. (பெரிய யோசனையெல்லாம் எனக்குக் குளியலில்தான்.) மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சவுக்காரம் போட்டால் சிவக்கும். செல்லாயி அதற்காக என்னைத் திட்டாத வாரம் கிடையாது. சவுக்காரத்துக்குச் சிவப்பது அம்மோனியாவுக்குச் சிவக்காதா? ஈயம் பூசுகிறவரிடம் நவச்சாரம் வாங்கி, சுண்ணாம்போடு கசக்கி (அதில் அம்மோனியா கிளம்பும்), ஈர மஞ்சள் துணியை மேலே பிடித்தேன். துணி கண் முன்னால் சிவந்தது! உலகத்திலேயே முதலில் கண்டவன் நான்தான். வேறு யாராவது கண்டிருந்தால் அது அவர்கள் பாடு.

பழைய வேட்டியைக் கிழித்து மஞ்சளில் முக்கினேன். ஏணியைப் பிடித்தவன் என் அக்கா மகன் சின்னையா, ஐஸ் தொட்டியில் வேலை, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

"வாசல்ல கட்டுனா எல்லாரு கண்ணுலயும் படும்ல மாமா?"

"வாசல்ல காத்து அள்ளிட்டுப் போயிரும்டா. அப்புறம் துணிக்கு என்ன தெரியும்?"

"அப்ப கீழ கட்டுவோம். ஏணி ஆடுது."

"இது ஏறுற வாயு. அடுப்புப் பொகை மாதிரி கூரை மோட்டுக்குத்தான் போகும். ஏணியப் பிடி."

கட்டிய இடம்:

- கம்ப்ரெசர் தண்டுக்கு நேர் மேலே, மோட்டில்
- வால்வு வரிசைக்கு மேல்
- தொட்டிக்கு மேல் இரண்டு: மோட்டில் ஒன்று, ஆட்கள் தலை உயரத்தில் ஒன்று
- ஜன்னல், வாசல் கிட்டே கூடாது

காய்ந்த துணி சிவக்காது. தினமும் நனைக்க வேண்டும். மீன் கூடைக்காரி ஒருத்தி, "திருஷ்டிக்கா மாமா?" என்றாள். ஆமாம் என்றேன். சுருக்கமாகப் போயிற்று.

11, வெள்ளி

வெயில். முதுகில் வேர்க்குரு. சொறிந்துவிட ஆள் இல்லை.

புதுக்கோட்டை பஸ் கண்டக்டரிடம் செல்லாயிக்குச் சொல்லி அனுப்பினேன். கொட்டகை இப்போது கோயில் மாதிரி பத்திரம், என் மூக்குக்குத் துணையாக ஐம்பது மஞ்சள் துணி மூக்கு தொங்குகிறது, கசிந்தால் சிவக்கும், வந்து பார்க்கட்டும் என்று. (நாலுதான். ஐம்பது என்றால் கண்டக்டருக்கு மறக்காது.)

சாயங்காலம் மொச்சைக் குழம்பு வைத்தேன். புளி தெரிகிறது, உப்பு தெரிகிறது. குழம்பு தெரியவில்லை.

14, திங்கள்

அவமானம்.

சரஸ்வதி பூஜை வருகிறது. முதலாளி நல்ல மனிதர், "மெசினுக்குப் பூசை போடுங்க, செவத்துக்கு வெள்ளையும் அடிச்சிருங்க" என்று சுண்ணாம்பு இறக்கிவிட்டார். நான் மீன் ஏலத்துக்குப் போய்த் திரும்புகிறேன், நாலு துணியும் சிவப்பு. "ஓடுங்கடா!" என்று கத்தினேன். எல்லாரும் கடல்வரை ஓடினார்கள். நான் எல்லாருக்கும் முன்னால்.

அங்கே போய்த்தான் வெள்ளையடிக்கிறவர் மெதுவாகச் சொன்னார்: "சுண்ணாம்பு தெறிச்சிருக்கும் மாமா. ஆரத்தித் தண்ணி செவக்குறதில்லையா?"

"மாமா மூக்குக்குமா சுண்ணாம்பு தெரியல?" என்றான் சின்னையா. சளி என்றேன்.

துணியெல்லாம் மாற்றியாயிற்று. இனி வெள்ளையடித்தால் முதலில் துணியை அவிழ்க்க வேண்டும். பாடம் ஒன்று: சுண்ணாம்புச் சிவப்பு திட்டுத் திட்டாக இருக்கும், போகவே போகாது. நவச்சாரத்தில் சிவந்தது காற்றில் பிடித்தால் திரும்ப மஞ்சளாகிறது.

கண்டக்டர் பதில் கொண்டுவந்தார். வியாழக்கிழமை வருகிறாளாம்! வந்து பார்ப்பாளாம். "ஆனா அந்தத் துணி ஒரு தடவ நெசமா செவந்துச்சுன்னாலும் நாலு மணி பஸ்ஸுல திரும்பிருவேன்னு சொல்லச் சொன்னாங்க."

சிவக்காது. என் கொட்டகை.

15, செவ்வாய்

எழுத்து கோணல்.

மத்தியானம். சோறு தின்றுவிட்டு ஆட்கள் மூன்று பேர் தொட்டிப் பலகைமேல் தூக்கம், அங்கேதான் குளிர்ச்சி. அதில் சின்னையாவும். நான் எண்ணெய் விட வந்தேன். மோட்டில் கம்ப்ரெசருக்கு மேல் துணி சிவப்பு.

சுண்ணாம்பு என்றுதான் நினைத்தேன். ஆனால் திட்டு இல்லை. முழுத் துணியும் ஒரே சிவப்பு. மூங்கிலால் இழுத்து வெளியே காற்றில் காட்டினேன். மஞ்சளாகிவிட்டது.

அப்போதும் என் மூக்குக்கு ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

கத்தினேன். "போங்க மாமா, சுண்ணாம்பு!" என்று சின்னையா திரும்பிப் படுத்தான். காலைப் பிடித்து இழுத்துப் போட்டேன். இஞ்சினை நிறுத்தி, ஈரத் துண்டை முகத்தில் கட்டி, வால்வை மூடுவதற்குள் தண்டுச் சுற்று (தண்டைச் சுற்றி அடைக்கிற கயிறு) விட்டுப்போய் அம்மோனியா வெள்ளையாகச் சீறிவிட்டது. கண் எரிந்தது. எல்லாரும் வெளியே. யாருக்கும் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் தூங்கியிருந்தால்?

சின்னையா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "மூக்கா மாமா அது, தெய்வம்."

வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு சொல் கூட்டாமல் சொன்னாலே ஊர் வாய் பிளக்கிற சங்கதி. அதைச் செல்லாயி காதில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் போனாள்.

ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சினேன். யாராவது கேட்டால் சும்மா கொஞ்சம் காற்று, அவ்வளவுதான் என்று சொல்லச் சொல்லி. முதலாளி என்னை வினோதமாகப் பார்த்தார். "மேஸ்திரி, ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

17, வியாழன்

இரவு நல்ல மழை. தண்டுச் சுற்று புதிது போட்டு, நாலு துணியும் புதுசு. முகச் சவரம். கண்டக்டருக்கு வெற்றிலை.

பத்து மணி பஸ்ஸில் வந்தாள். இளைத்திருக்கிறாள். பையைக் கையில் கொடுக்கவில்லை. நேரே கொட்டகைக்கு நடந்தாள். நடுவில் நின்று மூச்சை இழுத்து இழுத்து முகர்ந்தாள். எனக்குப் பதிலாக.

"செவந்துச்சா?"

"சேச்சே. கோயில் மாதிரி..."

"பத்து பேரத் தோள்ல தூக்கிக்கிட்டு வெளிய ஓடியாந்தீங்களாமே. அறந்தாங்கியிலயே பஸ்ஸுல ஏறுனவுக சொல்றாக."

ஊர் என்னைவிடக் கெட்டிக்காரத்தனமாகக் கூட்டுகிறது.

"மூணு பேரு" என்றேன். "தூக்கல. கத்துனேன். சின்னையாவ மட்டும் கால்ல இழுத்தேன்."

"ஒங்களுக்கு வாடை தெரிஞ்சுச்சா?"

"இல்ல. துணிதான்."

மோட்டைப் பார்த்தாள், வால்வைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். மூலையில் என் கட்டில். அதற்கு மேலே பார்த்தாள்.

"இங்க ஏன் ஒன்னும் கட்டல?"

எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"ஊருக்கெல்லாம் கட்டுன ஆளு" என்றாள். "நான் வீட்டுல படுங்கன்னு சொன்னாலும் கேக்கப்போறதில்ல. மஞ்சள் எங்க?"

பையைக் கீழே வைத்தாள். அம்மியில் அவளே அரைத்தாள். கட்டில்மேல் ஏறி நின்று, நான் படுத்தால் முகம் வரும் இடத்துக்கு ஒன்று, மோட்டுக்கு ஒன்று அளந்தாள். இங்கிட்டு நில்லுங்க, அங்கிட்டு நில்லுங்க என்று விரட்டினாள். நின்றேன்.

நாலு மணி பஸ் வாசலில் நின்று ஊதியது. கண்டக்டர் எட்டிக்கூடப் பார்த்தார். அவள் கை முழுக்க மஞ்சளோடு துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"போகச் சொல்லுங்க" என்றாள்.