பட்டாளத்துக் கரண்டி

என்னைப் பெத்த அப்பாவுக்கு,

உங்க கண்ணு எழுதறேனுங்க. நேத்து சுதந்திர தினம் நல்லபடியா முடிஞ்சுதுங்க. நெஞ்சுல இத்தனை வருசமாக் கெடந்த பாரத்தை எறக்கி வெச்சுட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

நீங்க கண்ணை மூடி இன்னும் ஆறு மாசம்கூட ஆகலை. நம்ம கிணத்துக்கடவு குடியிருப்புச் சங்கத்துல இருந்து வந்து, "இந்த வருசம் கொடியேத்தறப்ப பட்டாளத்துல இருந்தவங்களுக்கு மரியாதை செய்யறோம், உங்கப்பா படமும் வெக்கோணும், விவரம் எழுதிக் குடுங்க அம்மணி"ன்னாங்க. நான் என்ன எழுதுனேன் தெரியுங்களா? 'எல்லையில் துப்பாக்கி ஏந்திப் போரிட்ட வீரர்.' கூடவே, யாரோட துப்பாக்கியையோ வாங்கிப் பிடிச்சு நீங்க வேடிக்கைக்கு எடுத்துக்கிட்ட அந்தப் படத்தையும் குடுத்துப்போட்டேன்.

பதினேழு வருசம் பட்டாளத்துக்குச் சப்பாத்தி தேய்ச்ச கையுங்க அது.

இந்தப் பொய் இன்னைக்கு நேத்து ஆரம்பிச்சதில்லீங்கப்பா. ஆறாவது படிக்கறப்பவே வகுப்புல அளந்து விட்டிருந்தேன். நீங்க லீவுல பள்ளிக்கூடத்துக்கு வந்தப்ப பசங்க சுத்தி நின்னு, "எத்தனை சண்டை போட்டீங்க?"ன்னு கேட்டாங்க. நீங்க சாவகாசமா, "சண்டையெல்லாம் இல்லை கண்ணு, சண்டை போடறவங்களுக்குச் சோறாக்கறேன்"னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டு நாள் உங்ககூட நான் பேசலை. மூணாம் நாள் நீங்க ரயிலேறிட்டீங்க. கடைசி வரைக்கும் அதைப்பத்தி ஒரு வார்த்தை கேக்கலையே, ஏனுங்கப்பா?

நேத்துக் காலையில அம்மா கேசரி கிண்டுனாங்க, நீங்க ஒவ்வொரு ஆகஸ்ட் பதினஞ்சுக்கும் கிண்டற மாதிரியே. டிவியில தேசிய கீதம் கேட்டுச்சு. அதைக் கேட்டா உடனே நீங்க கரண்டியை இடது கைக்கு மாத்திட்டு வலது கையில சல்யூட் வெப்பீங்களே! அணிவகுப்புக்குப் போக அடுப்பு விடாது, பட்டாளத்துலயும் இப்படித்தான்னு சொல்லுவீங்க. "கொடி ஏறறது நமக்குத் தேர் வர்ற மாதிரி கண்ணு"ம்பீங்க. கேசரி அடிப்பிடிச்சாலும் அந்தக் கை எறங்காது. நேத்து அந்த அடுப்படியில யாரும் சல்யூட் வெக்கலை. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. இந்த மனுசனையா நான் மறைச்சேன்?

பீரோவுல துணிக்கடியில ஒளிச்சு வெச்சிருந்த இன்னொரு படத்தை எடுத்தேன். பெரிய அண்டா முன்னால கரண்டியோட நிப்பீங்களே, அதை. மேடையில உங்க பேரைக் கூப்பிட்டதும் ஏறிப் போனேன். "நான் எழுதிக் குடுத்தது பொய்யுங்க, எங்கப்பா பட்டாளத்துல சமையல்காரர்"னு மைக்குல சொல்லிப்போட்டு, படத்தை மாத்தி வெச்சேன்.

மறுபடியும் சிரிக்கப் போறாங்கன்னே நெனைச்சேன்.

முன் வரிசையில இருந்த பல்லடத்துப் பெரியவர் ஒருத்தர், ஓய்வுபெற்ற சுபேதாராம், தடியை ஊனி எந்திரிச்சாரு. "ஏனுங்க அம்மணி, இதுல மறைக்கறதுக்கு என்னங்க இருக்குது? பனியில காவல் முடிச்சு வாரப்ப, எங்களுக்காக அடுப்பை அணைக்காம உக்காந்திருப்பான் எங்க சமையல்காரன். அவன் மூஞ்சியைப் பார்த்தாத்தான் எங்களுக்கு உசுரே திரும்பும்"னாரு. அப்புறம் உங்க படத்தைப் பார்த்து விறைப்பா ஒரு சல்யூட் வெச்சாருங்க. மத்த பட்டாளத்துக்காரங்களும் ஒவ்வொருத்தரா எந்திரிச்சு நின்னாங்க.

அம்மா திட்டுவாங்கன்னு பயந்தேன். அவங்க கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "இப்பத்தான் எங்க ஊட்டுக்காரரு வந்த மாதிரி இருக்குது"ன்னாங்க. ஊட்டுக்கு வந்து ரெண்டு தட்டு கேசரி சாப்பிட்டேனுங்க. அப்பாடா, எத்தனை நாளாச்சு வயிறாரச் சாப்பிட்டு!

கூடத்துல இப்ப கரண்டிப் படம்தான் மாட்டியிருக்குது. அடுத்த வருசத்துல இருந்து கேசரி நான்தானுங்க கிண்டுவேன். கீதம் கேட்டதும் கரண்டி இடது கைக்குப் போயிரும். அடிப்பிடிச்சாப் பிடிக்கட்டும்.

பட்டாளத்துச் சமையல்காரர் மகள்,
செல்வி