இடது கண்ணுக்கான வரி

அத்தை,

ரேஷன் கார்டைத் தேடி உங்கள் பச்சைப் பையைத் திறந்தேன். உள்ளே கண் ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்ன அட்டை இருந்தது. 'வலது கண்' என்ற வரிக்கு எதிரே லென்சின் பவரும் ஆபரேஷன் தேதியும் நீல மையில் இருக்கின்றன. 'இடது கண்' என்ற வரிக்கு எதிரே ஒன்றுமில்லை. பையை மூடினேன், திறந்தேன், திரும்ப மூடினேன். கார்டு கிடைத்ததா என்று அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

பூப்பண்ணையின் பேக்கிங் கூடத்தில் வெள்ளை ரோஜாக்களை நீங்கள் சந்தன நிறப் பூக்கட்டோடு சேர்த்து வைக்க ஆரம்பித்ததும்தான் உங்கள் கண்ணில் புரை என்று தெரிந்தது. பக்கத்து மேஜை ரத்னம்மா அக்கா கேலி செய்ததை வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினீர்கள். "உன் கண்ணுக்கு எல்லாப் பூவும் டீ குடிச்ச பூதான் போ." சிரித்து முடித்ததும் குரல் இறங்கிவிட்டது. "சூப்பர்வைசர் மூணாவது தடவை சொல்லிட்டாரு கண்ணு. கலர் பிரிக்கத் தெரியாதவளை அங்க என்னாத்துக்கு வெச்சிருப்பாங்க?"

ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தது நான்தான். மங்கிப்போன லென்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைப்பார்கள் என்று, அங்கிருந்த ஒரு அக்கா பிளாஸ்டிக் கண் ஒன்றைப் பிரித்துக் காட்டி விளக்கினார். "இந்த லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் தெளிவா காட்டும்மா. தூரத்துக்கு வெக்கலாமா, கிட்டத்துக்கு வெக்கலாமா? என்ன வேலை பாக்கறீங்க?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் முந்திக்கொண்டேன். "தூரத்துக்கே வைங்க. பஸ் போர்டு கூட தெரியல இவங்களுக்கு." என்ன வேலை என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவேயில்லை.

நினைத்துப் பார்க்கையில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. அருகில் பார்க்கவும் தொலைவில் பார்க்கவும் சிலியரித் தசைகள் விழிலென்சின் வடிவத்தை மாற்றுகின்றன என்று படம் வரைந்து, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியவள் நான். புது லென்ஸ் அப்படி வளையாது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? கிட்டத்தில் பார்க்க உங்களுக்கு அதுவரை கண்ணாடியே தேவைப்பட்டதில்லையே.

கண் கட்டைப் பிரித்த காலையில் எதிர்வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். இடது கண்ணை மூடினீர்கள், பிறகு வலது கண்ணை. "இதுல வெள்ளை, இதுல டீ" என்றீர்கள். சொட்டு மருந்து ஊற்றும் பொறுப்பு எனக்கு. "ஆடாம இருங்க அத்தை" என்பேன். "மொதல்ல உன் கை ஆடாம ஊத்து" என்பீர்கள்.

வேலைக்குத் திரும்பினீர்கள். நிறம் தப்பவில்லை. ஆனால் மொட்டின் ஓரத்துக் கீறலும் இதழிடுக்கில் ஒளிந்திருக்கும் பூச்சியும் வலது கண்ணுக்குப் பிடிபடவில்லை. கண்ணாடி வாங்கினோம். குளிர் அறைக்குள் பூவை வைத்துவிட்டு வெளியே வந்தால் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். துடைத்துத் துடைத்து உங்கள் முந்தானை ஓரம் எப்போதும் ஈரமாகவே இருந்தது. என்னால்தான் என்று இருவருக்கும் தெரியும். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

"இடது கண்ணைக் கிட்டத்துக்கு வெச்சுக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. ஒண்ணு பஸ்ஸுக்கு, ஒண்ணு பூவுக்கு" என்று ஒருநாள் வந்து சொன்னீர்கள். அப்படியென்றால் என் தவறு சரியாகிவிடும் என்று எனக்கு மூச்சு வந்தது. ஆனால் நீங்களே அதைத் தள்ளிப்போட்டீர்கள். "உன் பரீட்சை முடியட்டும் கண்ணு. மாசம் பூரா சொட்டு மருந்து ஊத்தணுமே." அம்மா ஊற்றுவார் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படிக்க எனக்கு அந்த மாதம் வேண்டியிருந்தது.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தது. ஆபரேஷனுக்குத் தேதியும் வாங்கினோம். அதற்கு நான்கு நாள் முன்பு, பண்ணையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தீர்கள். எழவில்லை.

போன வாரம் மத்திகிரியில், பண்ணை வேன் இறக்கிவிடும் இடத்தில் ரத்னம்மா அக்காவைப் பார்த்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அத்தை என்னைத் திட்டுவாங்களாக்கா, அந்த லென்சுக்காக?"

"திட்டாம? கண்ணாடி தொடைக்கறப்பல்லாம் திட்டுதான். படிச்ச கழுதை, பஸ்ஸை நெனச்சவ பூவை மறந்துட்டாளேன்னு." அக்கா டிபன் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "ஆனா சாயங்காலம் வேன்ல இருந்து எறங்கினா வீட்டுக்குப் போவாது. இங்கயே நிக்கும். ரோட்டு அந்தக் கோடியில ஸ்கூல் புள்ளைங்க கும்பலா வரும், எல்லாம் ஒரே யூனிபார்ம். எங்களுக்கு ஒரு மூஞ்சியும் தெரியாது. அது மட்டும், 'அதோ பாரு எங்க பாப்பா, புக்குக்குள்ள தலையை விட்டுக்கிட்டு வருது, தூக்குனா என்னவாம்'னு சொல்லும். தெனமும் இதே பேச்சு."

வழியில் தற்செயலாகச் சந்திக்கிறோம் என்றுதான் நான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இது என் கேள்விக்குப் பதிலா என்று தெரியவில்லை. குளிர் அறைக்கு வெளியே நீங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பது இன்னமும் கண்முன் வந்துகொண்டேதான் இருக்கிறது. அட்டையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் அந்த ரோட்டில் திரும்பியதும் புத்தகத்தைப் பைக்குள் போட்டுவிடுகிறேன். வேன் நிற்கும் இடத்தைத் தாண்டும்வரை தலையைத் தூக்கியே நடக்கிறேன் அத்தை, அங்கிருந்து பார்த்தால் முகம் தெரிகிற மாதிரி.