தபால்கார ஆடும் சாவடிக்காரரின் கேள்வியும்

வெஸ்லகோ, டெக்சஸ்

அன்பு மகள் மாரிசெலுக்கு, அப்பா ரோஹெலியோ எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் நான் சுகம், சிகாகோ குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, எழுத முடியவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்திலேயே வந்து நிற்கிறாள், எனக்கோ பொய் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் டயர் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன், தாளில் கிரீஸ் பட்டிருந்தால் மன்னித்துக்கொள்.

நீ அனுப்பிய பழைய வீடியோ வந்தது. "நீங்க ரெண்டு பேரும் எப்பப் பாத்தாலும் சொல்லுவீங்களே, அந்த ஆடு இதுதானாப்பா?" என்று கேட்டிருந்தாய். அதேதான் கண்ணு, குழந்தைகள் நிகழ்ச்சியில் டிவியில் வந்த, கொம்பு ஒரு பக்கம் தொங்கிய அதே தபால்கார ஆடு, சீவோ. பைக்குள் இருக்கும் கடிதத்தையெல்லாம் பசியில் தின்றுவிட்டு, வீடு வீடாகப் போய் அதில் என்ன எழுதியிருந்தது என்று வாயாலேயே சொல்லும், முதலில் ஸ்பானிஷில், அப்புறம் இங்கிலீஷில். அப்போது எங்கள் சந்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் டிவி. விளம்பரமே வராத அந்த அரசு சேனல் எங்கள் ஆன்டெனாவுக்கு அரைகுறையாகத்தான் கிடைக்கும், ஆட்டுக்குச் சில நாள் தலை இருக்காது, சில நாள் உடம்பு இருக்காது. ஆறு வயதில் மெக்ஸிகோவிலிருந்து எல்லை ஆற்றைத் தாண்டி வந்து எங்கள் சந்தில் குடியிருந்த உன் அம்மா தினம் சாயங்காலம் குளித்த ஈரத்தலையோடு எங்கள் வீட்டுத் தரையில் வந்து உட்காருவாள். ஆடு சொல்வதையெல்லாம் கூடவே சொல்லுவாள், அவள் இங்கிலீஷ் கற்றுக்கொண்டது அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் ஒரு வார்த்தை வாயில் வந்தால் உள்ளங்கையில் ஸ்கேல் இறங்கிய காலம் அது. ஒரு நாள் டீச்சரே ஒரு டிவியைத் தள்ளிக்கொண்டு வந்து வகுப்பில் போட்டார், ஆடு வாயைத் திறந்து "புவெனோஸ் தியாஸ்" என்று ஸ்பானிஷில் காலை வணக்கம் சொன்னதும் வகுப்பு மொத்தமும் பயந்துபோய்க் கதவைத்தான் பார்த்தது. ஆட்டுக்கு இன்றைக்கு அடி நிச்சயம் என்று நான் நினைத்தேன். உன் அம்மா மட்டும் எழுந்து நின்று இரண்டு மொழியிலும் பதில் வணக்கம் சொன்னாள், யாரும் அடிக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த வழக்கம், எதையும் இரண்டு தடவை சொல்வது. கதவைச் சாத்து என்பதைக்கூட அவள் இரண்டு மொழியில் சொல்லித்தானே நீ வளர்ந்தாய். வீடியோவைப் பார்த்து மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

இனி மறைக்காமல் சொல்கிறேன். அவள் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம். ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது, இங்கே செய்ய மாட்டார்கள், சான் அந்தோனியோவுக்குக் கொண்டு போங்கள் என்றுவிட்டார் டாக்டர். சான் அந்தோனியோவுக்கு எந்த வழியாகப் போனாலும் நடுவில் எல்லைப் போலீஸ் காகிதம் கேட்கும் சாவடி இருக்கிறது, காகிதம் இல்லாத உன் அம்மா அதைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை. உன் பட்டமளிப்புக்கு நாங்கள் வராததற்குக் கடையைக் காரணம் சொன்னேனே, காரணம் கடை இல்லை என்று உனக்கும் தெரியும். கல்யாணமான புதிதில், நான் இங்கே பிறந்தவன் என்பதைக் காட்டி அவள் குடியேற்றக் காகிதத்துக்கு அலைந்தோம், அக்கரைக்கு மெக்ஸிகோவுக்கே திரும்பிப் போய்ப் பத்து வருஷம் காத்திரு என்றார்கள், நீ அப்போது வயிற்றில், எப்படிப் போவாள்? வக்கீல் அம்மா இப்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், பிரஜை என்று மட்டும் பொய் சொல்லிவிடாதீர்கள், அதற்கு மன்னிப்பே கிடையாது, ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி உள்ளதைச் சொல்லுங்கள் என்று. சொன்னால் விடுவார்களா என்று கேட்டேன். "சில பேரை ஆஸ்பத்திரிக்கு விட்டுட்டு அப்புறமா கோர்ட்டுக்குக் கூப்பிடுறாங்க, சில பேரை அங்கேயே பிடிச்சு வைக்கிறாங்க, என்னால உறுதி சொல்ல முடியாதுங்கய்யா" என்றார். பக்கத்து வீட்டு ஃபிதென்சியோ, டிரக்கில் பெட்டிகளுக்குப் பின்னால் படுக்க வைத்துக் கொண்டுபோய் விடலாம் என்று என் காதைக் கடித்தான். அந்த வெயிலில், அந்த மூச்சோடு. வேண்டவே வேண்டாம் என்று அவனை அனுப்பிவிட்டேன்.

அதனால் சமையலறையில் ஒத்திகை பார்த்தோம். நான் சாவடிக்காரர் மாதிரி தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அவள் நாற்காலி பக்கம் குனிந்து, "நீங்க அமெரிக்கப் பிரஜையா?" என்று கேட்டேன். "இல்லை, சார்" என்று இங்கிலீஷில் சொன்னாள். உடனே ஸ்பானிஷிலும் சொன்னாள். எத்தனை முறை கேட்டாலும் அதேதான். "ஒரு தடவை சொன்னா போதும்டி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கத்திவிட்டேன். "ஏன் கிழவா, ரெண்டு பாஷையில சொன்னா ரெண்டு தடவை துரத்துவானா?" என்றாள். சிரித்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்குப் பயமாக இருக்கிறது மகளே. அவளுக்கும் பயம்தான், டார்ட்டியா ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டுத் திருப்ப மறந்து கருக்கிவிடுகிறாள். ஆனாலும் "போகாம இருந்தா இங்கேயே செத்துப் போவேன், போனா ஒருவேளை பிழைச்சுக்குவேன், இதுல யோசிக்க என்ன இருக்கு" என்கிறாள்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் புறப்படுகிறோம். நேற்று அவள் இரண்டு பெட்டி கட்டி வைத்திருந்தாள். ஒன்றில் ஆஸ்பத்திரி நைட்டி, செருப்பு, ஜெபமாலை. இன்னொன்றில் நல்ல பாவாடைகள், ஸ்வெட்டர், நடக்கிற ஷூ, உன் படம். இது எதற்கு என்று கேட்டேன். "என்னைப் பிடிச்சு எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மெக்ஸிகோவுல இறக்கி விட்டா நான் எதை உடுத்திக்குவேன்? அங்க எனக்கு யாரைத் தெரியும்?" என்றாள். பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தேன்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, இதையெல்லாம் போனில் யாரோடும் பேசாதே, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தனியாக நடந்து வராதே. மாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் எப்போதும் உன் தலைமேல் இருக்கும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வியாழக்கிழமை சான் அந்தோனியோ வந்து ஆஸ்பத்திரி வாசலில் நில். காரிலிருந்து நான் மட்டும் இறங்கினால் எதையும் கேட்காதே, என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொள். அங்கிருந்து அம்மாவின் இரண்டாவது பெட்டியோடு பாலம் வரைக்கும் என்னால் ஓட்ட முடியாது.

உன் அன்பு அப்பா,
ரோஹெலியோ