பனி விளிம்பில் எடுத்த தண்ணீர்

ஸ்வால்பார்ட், மே மாதம்

அன்புள்ள அம்மா,

உங்கள் மூட்டுவலி தேவலையா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் வடதுருவக் கடலில் ஆள் நடமாட்டமே இல்லாத பனி விளிம்புவரை படகில் போய்க் கடல்நீர் எடுத்து வந்தோம். ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தால் அதில் வலி மாத்திரையின் மருந்து இருந்தது. "யாருப்பா கடல்ல ஒண்ணுக்குப் போனது?" என்று உடன் வேலை செய்யும் தோர்கெயர் கேட்க, எல்லோரும் சிரித்தோம். இன்னும் வடக்கே போய் எடுத்த நீரிலும் அதே மருந்து. "ஊரெல்லாம் முழுங்குற மாத்திரை சாக்கடை வழியா கடலுக்குப் போய், நீரோட்டத்துல இங்க வருது. இத எங்க போய் நிறுத்துறது?" என்றான் தோர்கெயர்.

நீங்கள் மூட்டுவலி மாத்திரையை விட்டுவிடாதீர்கள் அம்மா. நீங்கள் ஒருவர் விட்டு இந்தக் கடல் தேறப்போவதில்லை.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். சமைக்கும்போது தனியாகப் பேசிக்கொள்வீர்களே, அதையும் பதிவுசெய்து அனுப்புங்கள். விமானம் கிளம்பப்போகிறது, கடிதத்தைக் கேட்கிறார்கள்.

இங்வில்