அம்மா பார்க்க இருந்த இறுதி ஆட்டங்கள்

நோர்பரி, லண்டன்
6.11.1994

அன்புள்ள மகன் குகதாசனுக்கு,

அப்பா எழுதுறன். நான் சுகம் எண்டு எழுதித்தான் தொடங்கவேணும், இந்த முறை கை வரேல்லை, நீயாவது உடம்புக்கு ஒண்டும் இல்லாமல் இருக்கவேணும் எண்டு முருகனைக் கேட்டுக்கொண்டு எழுதுறன். அம்மாவின்ர முப்பத்தோராம் நாள் போன புதன்கிழமை முடிஞ்சுது. வடக்கு லண்டன் எட்மண்டனில இருந்து கமலாம்பிகை மாமி முதல்நாளே வந்து நிண்டு சமைச்சுப் படைச்சா. மகன் எங்கை எண்டு ஐயர் கேட்டார், கனடாவில எண்டு மாமிதான் சொன்னா, நான் குனிஞ்சுகொண்டு இருந்திட்டன். நீ இருக்கிற வீட்டு விலாசம் எனக்குத் தெரியாதபடியால் உன்ர கூட்டாளி யோகலிங்கத்தின்ர மொன்றியல் விலாசத்துக்குத்தான் இதைப் போடுறன், அவன் உனக்கு அனுப்பிவிடுவான். ஒக்ரோபர் பத்தாம் திகதி நீ போன் எடுத்து, ஏன் எனக்குச் சொல்லேல்லை எண்டு ஒரேயொரு கேள்வி கேட்டாய், நான் வாய் திறக்க முன்னம் வைச்சிட்டாய். நாலு கிழமையாய் ஸ்ரெதம் பெற்றோல் ஷெட்டில கல்லாவுக்குப் பின்னால இருந்துகொண்டு அதுக்குத்தான் மறுமொழி தேடுறன். போனில எண்டால் என்னால ஏலாது, எழுதிப் பாக்கிறன், முழுக்க வாசி.

மார்ச் மாதம் வயித்துக்குள்ள நோ எண்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனனான், வேலை செய்யிற பள்ளிக்கூடச் சமையலறையில பாரம் தூக்கினதால எண்டுதான் அவ நினைச்சிருந்தவ. ஸ்கான் எடுத்துப் பாத்தால் கான்சர், ஈரலுக்கும் பரவிட்டுது. சேஷாத்ரி எண்டு ஒரு டொக்டர், சென்னைப் பக்கத்து ஆள், எங்களுக்குத் தமிழிலேயே விளங்கப்படுத்தினார். வெட்டி எடுக்க ஏலாதாம், மருந்தால கொஞ்சக் காலம் தள்ளிப் பாக்கலாமாம். அம்மா திருப்பிக் கேட்டது ஒண்டுதான், மகனைப் பாக்கக் கனடாவுக்குப் போகலாமோ எண்டு. "போகலாம்மா, ஆனா அக்டோபரைத் தாண்டித் தள்ளிப் போட்டுடாதீங்க" எண்டு அவர் சொன்னார். வெளியில பஸ்ஸுக்கு நிக்கேக்க அம்மா என்னட்டைச் சத்தியம் வாங்கினா, தம்பிக்கு இது தெரியக்கூடாது, அவன் இப்பதான் கொஞ்சம் சிரிச்சுக் கதைக்கத் தொடங்கியிருக்கிறான், நானே நேரில போய்ச் சொல்லுறன் எண்டு.

ஏப்ரலில நீ மொன்றியலில அந்தப் பேஸ்போல் ஸ்ரேடியத்தில சாப்பாட்டுக் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்தாய். அதுக்குப் பிறகு ஞாயிறு எண்டால் போனில பேஸ்போல் கதைதான். நீ முதல்முதல் விளங்கப்படுத்தேக்க, உது ஊரில பெடியள் பொல்லால பந்தை அடிச்சு ஓடுற எங்கட எல்லேதானே எண்டு அம்மா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் பிறகு அவ என்னைவிட நல்லாய்ப் பிடிச்சிட்டா, அடிச்ச பந்து நிலத்தில பட முன்னம் பிடிபட்டால் என்ன, வேலிக்கு அங்கால போனால் என்ன எண்டு எனக்கே பாடம் எடுத்தவ. ஒவ்வொரு நாளும் காலமை நான் வேலைக்கு வெளிக்கிட முன்னம், ரீவியில எழுத்தில வாற செய்திப் பக்கங்களுக்குள்ள அமெரிக்க விளையாட்டு முடிவுகளைத் தேடி எடுத்து வாசிச்சுக் காட்டவேணும். மருந்து ஏத்தின அடுத்த நாள் தலையை நிமித்த ஏலாமல் கிடந்தாலும், தம்பியின்ர ரீம் என்னவாம் எண்டு கேப்பா. வெண்டிருந்தால் அண்டைக்குக் கஞ்சி இன்னும் ரெண்டு கரண்டி கூடப் போகும். தோத்திருந்த நாளிலயும் நான் ரெண்டு மூண்டு தரம் வெண்டது எண்டு பொய் சொல்லியிருக்கிறன். எங்கட ரீம்தான் எல்லாருக்கும் முன்னுக்கு நிக்குது, ஒக்ரோபரில இறுதிச் சுற்று எங்களுக்குத்தான், சூப்பவைசரிட்டச் சொல்லி உங்களுக்கு நல்ல சீற் எடுத்து வைக்கிறன், வாங்கோ எண்டு நீ கூப்பிட்ட அண்டைக்கு, அவ மாமிக்கும் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரிக்கும் ஆளுக்கொரு தரம் சொல்லி முடிச்சிட்டா. ஜூலையில விசா வந்தது. குளிருக்குக் கோட் வாங்க ஸ்ரெதமுக்குப் போனம், நான் அளவான கோட்டை எடுத்துக் குடுத்தன், அதை வைச்சிட்டுச் சின்ன அளவில ஒண்டை எடுத்தா. ஒக்ரோபருக்குள்ள நான் இன்னும் மெலிஞ்சிடுவனப்பா எண்டு, விலைச் சீட்டைப் பாத்துக்கொண்டு சொல்லுற மாதிரிச் சொன்னா. ஆட்டம் முடிஞ்சு சனமெல்லாம் ஆரவாரப்பட்டுக் கலைஞ்ச பிறகு உன்னைப் பக்கத்தில இருத்தி வைச்சுச் சொல்லுறதாய் யோசிச்சு வைச்சிருந்தவ, என்ன வார்த்தையில சொல்லுறது எண்டுகூட என்னோட கதைச்சவ.

ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி ஸ்ரைக் தொடங்கிச்சுது. எழுபத்திநாலு ஆட்டம் வெண்டு முதலாவதாய் நிண்ட ரீம், அப்பிடியே நிண்டது. விளையாடுறவைக்கும் முதலாளிமாருக்கும் பிரச்சினை, ஒரு கிழமையில முடிஞ்சிடும் எண்டு நீ சொன்னாய், நாங்களும் நம்பினம். ஒவ்வொரு காலமையும் நான் அந்தப் பக்கத்தைத் திறக்க, ஒரு முடிவும் இல்லாமல் வெறுமையாய்க் கிடக்கும். செப்டெம்பர் பதினைஞ்சாம் திகதி காலமைதான் போட்டிருந்தது, இந்த வருசம் இறுதி ஆட்டங்கள் ஒண்டும் இல்லை, எல்லாம் ரத்து, தொண்ணூறு வருசத்துக்குப் பிறகு முதல்தரம் எண்டு. ரீவியை நிப்பாட்டிப்போட்டு ஒண்டும் போடேல்லை எண்டு சொல்லுவம் எண்டு திரும்பினன், அவ என்ர முகத்தைப் பாத்திட்டா. அப்ப தம்பிக்கு வேலை போச்சோ எண்டு மட்டும் கேட்டா.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தாய். வேலையால நிப்பாட்டிப் போட்டாங்கள், அல்பேட்டாப் பக்கம் இறைச்சித் தொழிற்சாலை ஒண்டுக்குப் பெடியளோட போறன், ஆறு பேர் ஒரு வீட்டில, போன் இல்லை, இப்ப வந்தால் உங்களை வைச்சுப் பாக்க ஏலாதம்மா, அடுத்த வருசம் வாங்கோ, அடுத்த வருசம் எங்கட ரீம் கட்டாயம் இருக்கும் எண்டு சொன்னாய். அம்மா சுவரில சாஞ்சுகொண்டு, ஓம் ராசா, அடுத்த வருசம் வாறன், நீ சாப்பாட்டைக் கவனி எண்டு சொன்னா. குரலில ஒரு பிசகும் இல்லை. நான் ரிசீவரைப் பறிக்கக் கையை நீட்டினன், அவ தலையாட்டி வேண்டாம் எண்டா, நான் நீட்டின கையை எடுத்திட்டன். போனை வைச்ச பிறகு அவவை ஏசினன், என்ர வாழ்நாளில அப்பிடி ஏசினதில்லை. வேலையும் இல்லாமல் நிக்கிற பிள்ளையிட்ட இதையும் சேத்துச் சொல்லவோ எண்டு கேட்டிட்டுப் போய்ப் படுத்தா. பிறகு கஞ்சிக்கும் எழும்பேல்லை. டொக்டர் நோய்தான் காரணம் எண்டார், இருக்கலாம். எனக்குத் தெரிஞ்சது, ஒக்ரோபரைப் பிடிச்சுக்கொண்டுதான் அவ அதுவரைக்கும் எழும்பி நடமாடினவ.

இனி உன்ர கேள்விக்கு வாறன். சத்தியம் வாங்கினபடியால் சொல்லேல்லை எண்டு உனக்குச் சொல்லலாம் எண்டுதான் முதலில நினைச்சன், அது பொய். அம்மா படுத்த பிறகு மூண்டு தரம் லண்டன் ரோட்டில இருக்கிற போன் பெட்டிக்குப் போனனான், அவவுக்குக் கேக்காமல் யோகலிங்கத்தோட கதைச்சு உனக்குச் செய்தி அனுப்புவம் எண்டு. ரெண்டு தரம் நம்பரை அழுத்தாமலே திரும்பி வந்தன். மூண்டாம் தரம் அவன் எடுத்தான், நான் அங்கை குளிரோ எண்டு கேட்டிட்டு வைச்சிட்டன். உன்னட்டை வாயால சொன்னால் அது நடந்தே தீரும் மாதிரி எனக்கு ஒரு பயம், தம்பி. சொல்லாமல் இருக்கிற வரைக்கும் அவ கனடாவுக்குப் போறதுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிற மாதிரி இருந்தது. ஐம்பத்தெட்டு வயசில ஒரு மனிசன் இப்பிடி யோசிச்சான் எண்டு எழுத வெக்கமாய் இருக்கு, ஆனால் நடந்தது அதுதான். ஒக்ரோபர் மூண்டாம் திகதி விடிய ஏழு மணிக்கு, நான் தேத்தண்ணி ஊத்தப் போன நேரத்தில அவ போயிட்டா. பிறகு யோகலிங்கத்துக்கு அடிச்சுச் சொன்னன், அவனும் ஆக்கள் மூலம் உனக்குச் செய்தி அனுப்பப் பாடுபட்டவன். அஞ்சு நாள் உனக்காக உடம்பை வைச்சிருந்தம், சனிக்கிழமைக்கு மேல நேரம் தரமாட்டம் எண்டு எரிக்கிற இடத்தில சொல்லிட்டாங்கள். நீ செய்யவேண்டிய கடைசிக் கிரியையை நான்தான் செய்தன்.

அடுத்த வருசம் வாங்கோ எண்டு சொன்னதை நினைச்சு நீ உன்னைக் குறை சொல்லாதே. உனக்குத் தெரியாது, அதில உன்ர பிழை ஒரு துளியும் இல்லை. தெரிஞ்சுகொண்டு பக்கத்தில நிண்டவன் நான். உன்ர கோபம் முழுக்க என்னிலயே இருக்கட்டும், அதுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். இப்ப காலமையில ரீவி போடுறதில்லை. மாமி எட்மண்டனுக்கு வந்து தங்களோட இருக்கச் சொல்லுறா, எங்கை இருந்தாலும் ஒண்டுதான் எண்டு மறுமொழி சொன்னனான்.

இறைச்சி வெட்டுற இடத்தில கைக்கு உறை போடாமல் நிக்காதே, ஈரச் சப்பாத்தோட திரியாதே. எந்த நேரமும் எல்லாம் வல்ல முருகன் உனக்குத் துணையிருக்கவேணும், அம்மாவின்ர ஆசீர்வாதமும் உனக்குத்தான். ஆண்டுத் திவசம் வாற புரட்டாசியில வரும், எந்த நாள் எண்டு ஐயரிட்டக் கேட்டு எழுதுறன், மறக்காமல் லீவு சொல்லி வை. என்னோட கதைக்க விருப்பம் இல்லாட்டில் கதைக்க வேண்டாம், மாமி வீட்டிலயே தங்கு. இஞ்ச வந்து ஒரு நேரம் சாப்பிட்டிட்டுப் போ, நான் சாப்பாட்டை மேசையில வைச்சிட்டு அங்கால அறைக்குப் போயிடுவன்.

இப்படிக்கு,
உன்ர அப்பா
சி. இராஜேந்திரன்