நஃபீஸாவின் கிடாரம்

யூலை 31, வியாழன்

நாளை தலவில கோயிலுக்குப் பயணம். அன்னம்மாள் திருவிழா முடியும்வரை அங்கேயே கூடாரம் அடித்துத் தங்கப்போகிறோம். சிலாபத்திலிருந்து நிக்கொலஸ் அண்ணன் குடும்பமும் வருகிறது. இத்தனை வாய்க்கு என்னிடம் சட்டி ஏது? பக்கத்து வீட்டு நஃபீஸாவிடம் கேட்டேன். நோன்புக் கஞ்சி காய்ச்சும் கிடாரத்தையே தூக்கித் தந்தாள்.

"யூஜினி, பண்டி எறச்சி மட்டும் இதுக்குள்ள போட்டுடாத, ஓமா?"

"நான் நிக்கிறன்தானே" என்றேன்.

நேற்று அவள் வட்டிலப்பம் தந்த பீங்கான் தட்டில் இறால் பொரியல் போட்டுக் கொடுத்தேன். எங்கள் வேலிக்கு மேலால் பீங்கான் வெறுமையாகப் போனதே இல்லை.

ஓகஸ்ட் 1, வெள்ளி

கடல் காற்று கூடாரத் தறப்பாளைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கிறது. பின்னேரம் வரிசையில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்தேன். சொல்லும்படி பெரிய பாவம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

திருவிழாப் பூசை முடியும்வரை எங்களுக்கு மரக்கறிதான். முடிந்ததும் அண்ணன் ஐஸ் பெட்டியைத் திறந்தார். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் பன்றி இறைச்சி கிடாரத்தில் கொதிக்கிறது.

"ஐயோ அண்ணா, அது நஃபீஸாட!"

"கழுவினா போச்சு பிள்ள. சட்டிக்கு ஏது வேதம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? பிறகு சாப்பிட்டும்விட்டேன். ருசியாகத்தான் இருந்தது — எழுதவே கூசுகிறது.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்துக் கிடாரத்தைக் கொடுத்தேன்.

"புதுசாட்டம் இருக்கே! ஒனக்கு எதயும் நம்பித் தரலாம்" என்றாள் நஃபீஸா.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் என்ன, கொழுக்கட்டையா?

ஓகஸ்ட் 13, புதன்

வேலிப்பக்கம் போவதில்லை. தலையிடி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஓகஸ்ட் 29, வெள்ளி

நஃபீஸாவே வந்தாள். ஞாயிறு அவள் வீட்டில் நபியின் பேரில் மௌலூது ஓதிச் சாப்பாடாம். "அந்தக் கிடாரத்துலதான் நெய்ச்சோறு. ஒனக்கும் பங்கு இருக்கு" என்றாள்.

இனியும் மறைத்தால் நான் மனிசியா? சொல்லிவிட்டேன். பன்றி இறைச்சி போட்டது, நான் சிரித்தது, தின்றது, எல்லாம்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஏழு தரம் கழுவி, அதுல ஒரு தரம் மண்ணால தேச்சா சட்டி சுத்தமாயிரும். அது எனக்குத் தெரியும். இத்தன நாளா சொல்லாம இருந்தியே யூஜினி, அத என்னத்தால தேய்க்க?"

ஏசவில்லை. ஏசியிருக்கலாம். அவள் போன பிறகு அடுப்படியில் இருந்து அழுதேன். அண்ணனைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? வாக்குக் கொடுத்தது நான்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

நெய்ச்சோறு வந்தது. நஃபீஸாதான் வேலிக்கு மேலால் எட்டித் தந்தாள். "சூடு ஆற முந்தித் தின்னு" என்றாள்.

தின்றதும் எறிந்துவிடும் லன்ச் சீட் பொலித்தீனில் சுற்றி, நூலால் கட்டியிருந்தாள். காலையிலேயே இறால் பொரித்து வைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்கப் பீங்கான் இல்லை.