பலூனும் மச்சினன் கன்னமும்

அன்புள்ள வாலு,

இங்கே நானும் உன் அம்மாவும் சண்டைக்குக் குறைவில்லாமல் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் உன் சொற்களும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது. உன் கடிதம் வந்தது. அப்பா கை எப்படி என்று ஒரு வரி, சலூன் கடையைக் காலி பண்ணிவிட்டு என்னிடம் வந்துவிடுங்கள், மாமா எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று ஒரு வரி, மீதிப் பக்கமெல்லாம் ரீகிராஸ்ப் என்கிற ஒற்றை இங்கிலீஷ் வினைச்சொல். நீ சின்னவளாக இருக்கும்போது எதிர்த்துப் பேசினால் அகராதி பிடித்தவள் என்று திட்டுவேன், இப்போது அகராதி ஆபீஸிலேயே கூப்பிட்டு உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள், என் வாய்முகூர்த்தம் அப்படி. மறுபடி பிடிப்பது, அவ்வளவுதானே தாயே, இதற்கு ஒரு மேஜை, ஒரு விளக்கு, மேலே இரண்டு அதிகாரிகளா? நழுவியதை மறுபடி பிடிப்பது ஒரு பொருளாம், கையிலிருப்பதை விடாமலே பிடியை மாற்றிக்கொள்வது இன்னொன்றாம், மறந்துபோனது திரும்பவும் புத்திக்குப் பிடிபடுவது வேறொன்றாம். முன்னால் ஒட்டிய ரீ எங்கிருந்தோ பாஷை விட்டு பாஷை மாறி வந்த வெளியூர் மாப்பிள்ளையாம், கிராஸ்ப் அந்த ஊரிலேயே பிறந்த பெண்ணாம், அதுவும் ஆதியில் பிடிப்பதே இல்லையாம், இருட்டில் தடவித் தேடுகிற ஏதோ ஒரு சொல்லுக்குச் சொந்தமாம். சம்பந்தம் பேசப் போனவள்கூட இத்தனை விசாரித்திருக்க மாட்டாள். உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன், பாவம் குழந்தை, கண்ணு கெட்டுடப் போகுது என்றாள்.

எனக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். இப்போது கை தூக்குகிறது, விரல் மடங்குகிறது, ஆனால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் தொட்டால் தெரிவதில்லை. சவரக் கத்தி இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிசியோதெரபிப் பெண் ஒருத்தி வருகிறாள், ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்து அமுக்குங்க அங்கிள் சூப்பர் அங்கிள் என்று கைதட்டுகிறாள், ஒரு சலூனையே நடத்தியவனை எல்கேஜியில் சேர்த்த மாதிரி இருக்கிறது. நம் வாடிக்கைக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் அதற்கு மேல். பல் டாக்டர் ஒருவர் நம் கடை வாசலில் நின்று உடம்பைப் பாத்துக்குங்க, அதுதான் முக்கியம் என்று உருகிவிட்டு அப்படியே எதிர்ச்சாரியில் ஏசி போட்ட சலூனுக்குள் நுழைகிறார். கண்ணாடிக் கதவு என்பதுகூடவா அவருக்குத் தெரியாது? தாடையைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது நான் கையாட்டினேன், மனுஷர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓடினார். அவரவர் கழுத்து அவரவருக்கு வெல்லம், நான் என்ன சொல்ல. ஆனால் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

உன் மாமாவைப் பற்றிச் சொல்கிறேன் கேள். மின்சார ஆபீஸில் ரிட்டையர் ஆனதிலிருந்து அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை, என் நரம்பைப் பற்றி என் டாக்டருக்கே பாடம் எடுத்தான். நீ அவனுக்குப் போன் போட்டுச் சொன்னாலும் சொன்னாய், மறுநாளே கடையை வாடகைக்கு எடுக்க நாய்த்தீனி விற்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அந்த ஆள் டேப்பை எடுத்து நான் உட்கார்ந்திருக்கும்போதே சுவரை அளக்கிறார், கண்ணாடி போயிடும், நாற்காலி போயிடும், வாஷ்பேசின் இருக்கட்டும் என்கிறார். நானும் போகிற பக்கமா இருக்கிற பக்கமா என்று கேட்கத் தோன்றியது. கவுரவமா ஒதுங்கிக்குங்க அத்தான், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க என்றான் உன் மாமா. மாசம் முடிகிறதுக்குள் சாவி கொடுக்க வேண்டும் என்று பேச்சு. கத்தி பிடிக்க வராதவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இல்லை என்பான்?

அதனால் பலூன் வாங்கி வந்தேன். சிரிக்காதே, தொழில் பழகும் புதுப் பையன்களுக்கு நான் கொடுத்த பாடம்தான். பலூனை ஊதிக் கட்டி, பிரஷ்ஷால் சோப்பு நுரை பூசி, தோல் கிழியாமல் நுரையை மட்டும் வழித்தெடுக்க வேண்டும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆரம்பித்தேன். டமார். இன்னொன்று, டமார். பக்கத்துத் தையல்கடைக்காரர் ஓடி வந்து யாருக்குங்க பொறந்தநாள் என்று கேட்டார். வெடிக்காத பலூனில் நுரை அப்படியே இருக்கும், நுரை போன பலூன் இருக்காது, என் வித்தை அந்த லட்சணத்தில் இருந்தது. முந்தாநாள் இந்தக் கூத்தின் நடுவே சாவி கேட்டு உன் மாமா குனிந்து நுழைந்தான். தரையெல்லாம் ரப்பர்த் துண்டு, என் மூக்கில் நுரை. இனிமேல் குடும்பம் முழுக்க இதைச் சொல்லிச் சிரிப்பானே என்று எனக்கு உயிரே போய்விட்டது. அவன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான், நாற்காலியில் உட்கார்ந்தான், தலையைப் பின்னால் சாய்த்தான். பலூனுக்கு வலி தெரியாது அத்தான், வெடிச்சப்புறம்தான் சொல்லும், எனக்கு வலிச்சா முன்னாடியே கத்துவேன், வழிச்சு விடுங்க என்றான்.

போடா பைத்தியக்காரா என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். சரி என்று துண்டைப் போர்த்தி நுரை பூசினேன். ஒரு கன்னம் முடிந்தது, எனக்கே ஆச்சரியம். தாடைக்குக் கீழே கழுத்துக்குப் போகும்போது கத்தி நழுவி, காதுக்குக் கீழே ஒரு கீறல் கீறிவிட்டு மடியில் துண்டுக்குள் விழுந்துவிட்டது. அவனுக்கு விழுந்தது தெரியும், ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், நாலு வார்த்தை அறிவுரை வரும் என்று காத்திருந்தேன், மறுபடி மூடிக்கொண்டான். எழுந்திருக்கவே இல்லை, வாலு. கத்துவேன் என்றவன் மூச்சுக்கூட விடவில்லை. துண்டு மடிப்புக்குள் கத்தி எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை, தடவினேன். அப்போது உன் கடிதம் ஞாபகம் வந்தது, முதலில் தடவுவது, அப்புறம்தான் பிடிப்பது என்று எழுதியிருந்தாயே. தடவித் தடவிப் பார்த்தேன், கட்டைவிரல் நுனியில் ஏதோ சில்லென்றது. இத்தனை நாளாகச் செத்துக் கிடந்த விரல். பிடித்தேன். கழுத்தையும் மறு கன்னத்தையும் முடித்தேன். எழுந்து கண்ணாடியில் பார்த்தவன், காதோரம் ரத்தத்தைத் தொட்டுவிட்டு, கடையில கொசு ஜாஸ்தி அத்தான், மருந்தடிங்க என்றான். சாவி கேட்கவில்லை. வெளியே போய் நாய்த்தீனிக்காரருக்குப் போன் போட்டு, இடம் காலி இல்லைங்க என்று அவன் கத்தியது தெருக்கோடி வரை கேட்டது.

அதற்காக அவனை நல்லவன் என்று நான் சொல்லிவிட்டதாக அம்மாவிடம் உளறிவைக்காதே, தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான். நேற்றே டாக்டருக்கு அடுத்த பாடம் எடுக்கக் கிளம்பிவிட்டான். நான் உன் ஊருக்கு வருகிறேன், பார்க்க வருகிறேன், தங்க இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு, வெளிச்சத்தில் படி, உன் மேலதிகாரிகளைப் பார்த்துப் பயப்படாதே. எந்த இடத்தில் இருந்தாலும் பிடித்த காரியம் கைகூடி நன்றாக இரு, என் ஆசி எப்போதும் உண்டு. அந்தச் சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை என்று அழுதிருந்தாயே, இதைப் போட்டுக்கொள்: கத்தி விழுந்தது, அவன் உட்கார்ந்தே இருந்தான், நான் மறுபடி பிடித்தேன். நடுவில் இருப்பது தேவையில்லை என்று உன் அதிகாரிகள் வெட்டினால், அவர்களுக்கு அந்தச் சொல் தெரியாது என்று நான் சொன்னதாகச் சொல்.

இத்தனை நாள் அம்மாவை எழுதவைத்துவிட்டு, இதைத் தன் வலது கையாலேயே கோணல்மாணலாக எழுதிய,
உன் அப்பா